அந்த வாடை என்னுடையது இல்லை

முதலில் என் எழுத்துக்காக மன்னிக்க வேண்டும். சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறி ஊறி என் வலது கை விரல்கள் பேனாவைச் சரியாக மடக்கிப் பிடிப்பதில்லை. எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். தப்பு இருக்கிற இடத்தில் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நாலு பேர் நடுவில் பேச வராது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதப் போவது என் அக்காவின் காலைப் பற்றி. அந்தக் காலைப் பற்றி எங்கள் ஊரில் ஒரு கதை சுற்றிக்கொண்டிருக்கிறது. கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு "சுப்ஹானல்லாஹ், இதுதான் சபூர், இதுதான் பொறுமை" என்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் குமட்டுகிறது. நடந்தது அப்படி இல்லை. நான் பக்கத்தில் இருந்தவன்.

நான் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் வேலை செய்கிறேன். வெளியூர்க்காரர்கள் டேனரி என்பதை நாங்கள் ஷாப்பு என்போம். உப்புப் போட்டு லாரியில் வந்து இறங்குகிற பச்சைத்தோலை ஊறப்போட்டு, சுண்ணாம்பு வைத்து, முடியையும் சவ்வையும் எடுக்கிற இடத்தில் எனக்கு வேலை. தோலின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் கொழுப்பும் இறைச்சித் துணுக்கும் வெயிலில் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. அந்த வாடை சட்டையில் ஏறினால் சட்டையை மாற்றிவிடலாம். அது உடம்பில் ஏறிவிடுகிறது. பஸ்ஸில் என் பக்கத்து சீட் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். பள்ளிவாசலில் நானாகவே கடைசி வரிசையில் ஓரமாக நிற்பேன். தொழுகையில் தோளோடு தோள் சேர்ந்து நிற்க வேண்டும். பக்கத்தில் வந்து நிற்கிறவர் மூச்சை அடக்கி அடக்கி விடுவது எனக்குக் கேட்கும். யாரும் வாய்விட்டு ஒன்றும் சொன்னதில்லை. அதையே பெரிய மரியாதையாக எடுத்துக்கொண்டு பழகிவிட்டேன்.

அக்கா என்னைப் போல இல்லை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வாய் ஜாஸ்தி. ஊசி போட்டால் நாலு வீடு தள்ளிக் கேட்கும். கல்யாணமாகி மூன்று தெரு தள்ளி வாழப் போனாள். மச்சான் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தார். பிள்ளை இல்லை. போன வருஷம் வெயில் காலத்தில் ஒரு நாள், வேலைக்குப் போகச் சட்டை போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்து சாய்ந்துவிட்டார்.

அக்கா இத்தாவில் உட்கார்ந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் அவர் வீட்டோடு இருக்க வேண்டும். அலங்காரம் கிடையாது, புதுத்துணி கிடையாது, அந்நிய ஆண் முன்னால் வரக்கூடாது, அவசியம் இல்லாமல் வாசலைத் தாண்டக்கூடாது. இது எங்கள் மார்க்கத்தில் உள்ளது. இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. துக்கத்தில் இருப்பவளைக் கொஞ்ச காலத்துக்கு உலகம் தொந்தரவு செய்யாமல் விட்டுவைக்கிற ஏற்பாடு என்றே நினைத்திருந்தேன். அக்காவை யார் விட்டுவைத்தார்கள்?

மத்தியானம் ஆனால் தெருவில் உள்ள பெண்கள் வந்துவிடுவார்கள். பாயை விரித்து உட்கார்ந்து, டீயில் பொறை ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டே அக்காவின் முகத்தைப் பார்ப்பார்கள். கல்யாண வீட்டில் பெண்ணைப் பார்ப்பது போலத்தான் இருக்கும். நான் ஷிஃப்ட் முடிந்து பாலும் சர்க்கரை மாத்திரையும் கொண்டுபோய்க் கொடுக்கும்போது இந்தப் பேச்சு காதில் விழும்.

"இன்னா பொறுமை பாரு. ஒரு சொட்டுக் கண்ணீர் கீதா?"

"நானா இருந்தா செவுத்துல முட்டிக்கினு கெடப்பேன்."

"அல்லா யார் மேல ஜாஸ்தி பிரியம் வெக்கிறானோ அவங்களுக்குத்தான் ஜாஸ்தி சோதனை குடுப்பான்."

"அப்படின்னா உன் மேல பிரியமே இல்ல போல. ரெண்டு மாடி வீடு, கை நெறைய மருமவளுங்க."

"அந்த மருமவளுங்கதான்டி சோதனையே."

சிரிப்பார்கள். பொறைத் தூள் பாயெல்லாம் சிந்தும். ஈ மொய்க்கும். அப்புறம் மறுபடி அக்காவைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள்.

மச்சானின் அண்ணன் மாடியில் இருந்தார். தோலுக்குப் போடும் சாயம், கெமிக்கல் எல்லாம் விற்கிற கடை வைத்திருப்பவர். ஊரில் மதிப்பு உண்டு. நாங்கள் அவரைப் பெரிய பாய் என்போம். எப்போதும் வெள்ளை ஜிப்பா, அதில் ஒரு சுருக்கம் இருக்காது. பக்கத்தில் வந்தாலே அத்தர் மணக்கும். அவர் அக்காவுக்கு அந்நிய ஆண் என்பதால் அறைக்குள் வரமாட்டார். சாயங்காலம் மக்ரிப் தொழுதுவிட்டு வந்து, அறை வாசலில் தொங்கிய திரைக்கு இந்தப் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொள்வார். திரையைப் பார்த்துப் பேசுவார்.

"சபூருன்னா இன்னா தெரியுமாம்மா? வாயத் தொறக்காம இருக்கறது. ஆஹ்னு ஒரு சத்தம் வந்தாலே அல்லாகிட்ட கூலி கம்மியாயிடும். முள்ளு குத்தறதுகூட பாவத்தக் கழிக்கத்தான் குத்துது. அதப் புடுங்கிப் போடறதுக்கு இன்னா அவசரம்?"

திரைக்கு அந்தப் பக்கம் இருந்து அக்கா "சரிங்க பாய்" என்பாள். அவ்வளவு மெல்லிய குரலில் அவள் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. வாயாடி என்று பேர் எடுத்தவளுக்கு முதல் தடவையாக ஊரில் நல்ல பேர் கிடைத்திருந்தது. அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. அவளே பின்னால் என்னிடம் சொன்னாள்.

இத்தா பாதி தாண்டியிருக்கும். ஒரு நாள் நான் அறைக்குள் நுழைந்தபோது ஒரு பெண் துப்பட்டாவை இழுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். இன்னொருத்தி, "தம்பி வந்துட்டாரு, எழுந்திருங்க, நம்ம கெளம்பற நேரமாச்சு" என்றாள். எல்லாரும் குனிந்துகொண்டு சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. பாலை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். நான் போனால் மூக்கு மூடப்படும். நானும் அந்த அறையில் வாடையை உணர்ந்தேன். நாளுக்கு நாள் ஜாஸ்தியாகிக்கொண்டே வந்தது. என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது. ஷாப்பிலிருந்து வந்து பாத்திரம் தேய்க்கும் நாரால் உடம்பைத் தேய்த்தேன். எலுமிச்சைத் தோலைத் தேய்த்தேன். பக்கெட் தண்ணீரில் பினாயில் ஊற்றிக் குளித்தேன், அக்குள் வெந்துபோனது. என் மனைவி பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இன்னாங்க இது, மாட்டுத்தோல உரிச்சது போதாதுன்னு உங்க தோலையும் உரிச்சிக்குவீங்க போலகீதே. எனக்கு ஒண்ணும் ஜாஸ்தியாத் தெரியல. எப்பவும் இருக்கற வாடைதான்."

இவளுக்குப் பழகிவிட்டது, இவளுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிவாசல் வாசலில் அத்தர் வாங்கிப் பூசிக்கொண்டு போனேன். அத்தரும் அந்த வாடையும் கலந்தபோது வந்த நாற்றம் இருக்கிறதே, அதற்கு வெறும் அழுகலே மேல். அப்புறம் அறைக்குள் போவதையே நிறுத்திவிட்டேன். நடையில் நின்று, திரைக்கு அடியில் பால் பாத்திரத்தைத் தள்ளிவிட்டு, "வர்றேன் அக்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

அந்தச் சமயம் ஷாப்புக்கு ஆர்டர் நின்றுபோனது. முதலாளி கேட்டைப் பூட்டிவிட்டு, சொல்லி அனுப்பும்போது வந்தால் போதும் என்றார். ஒரு வாரம் போல வீட்டில் இருந்தேன். தோலைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு, வெளுத்த வேட்டி சட்டையோடு, வெகு நாளைக்குப் பிறகு கொஞ்சம் தைரியமாக அக்காவைப் பார்க்க உள்ளே போனேன். இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி துப்பட்டாவை மூக்குக்குக் கொண்டுபோனாள்.

"வெள்ளிக்கிழமைகூட ஷாப்புல லீவு வுட மாட்டானுங்களா தம்பி?"

 அன்று நான் திரும்பிப் போகவில்லை. சுவரோரம் நின்றேன். என் கையை மூக்கருகில் கொண்டுவந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான் வந்தது. அறையில் அந்த வாடை மட்டும் அப்படியே இருந்தது. என் மேல்தான் வருகிறது என்று முடிவு கட்டிவிட்டதால், அது எங்கிருந்து வருகிறது என்று நான் ஒரு நாளும் மூக்கைத் திருப்பிப் பார்த்ததில்லை. அந்தத் தெருவில் யாருமே பார்க்கவில்லை. தோல் ஷாப்புக்காரன் ஒருவன் வீட்டுக்கு வந்துபோனால் எந்த நாற்றத்துக்கும் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பெண்கள் எழுந்து போகும்வரை நின்றிருந்தேன். அப்புறம் அக்காவிடம் சொன்னேன்.

"ஷாப்பு மூடி ஒரு வாரம் ஆவுது அக்கா."

"அதுக்கு இன்னா இப்போ?"

"என் மேல வாடை இல்ல."

"யாருடா இருக்குதுன்னா?"

"எல்லாருந்தான். நீயுந்தான் துப்பட்டாவ மூக்குல வெச்சிக்கினே."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பேஜார் பண்ணாம போடா. போய் டீ குடி."

அந்த வெயிலில் அவள் இடுப்புக்குக் கீழே கம்பளி போர்த்தியிருந்தாள். அதுவும் எனக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது. "காலக் காட்டு" என்றேன். காட்டவில்லை. வாழ்க்கையில் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கூட எனக்குப் பழக்கமில்லை. கம்பளியை நான்தான் விலக்கினேன்.

வலது காலில் மச்சானின் பழைய சாக்ஸ். அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கவர், கணுக்காலில் ரப்பர் பேண்டு போட்டு இறுக்கியிருந்தாள். கவருக்குள் அத்தர் தோய்த்த பஞ்சு. ரப்பர் பேண்டை எடுத்ததும் கவருக்குள் தேங்கியிருந்தது என் மணிக்கட்டில் வழிந்தது. சாக்ஸ் காலோடு ஒட்டியிருந்தது. உள்ளங்காலில் சாக்ஸ் நைந்து கிழிந்திருந்த இடத்தில், முன்பக்கம் முழுவதும் கறுத்து, நடுவில் ஒரு குழி. குழியின் ஓரம் ஊறப்போட்ட தோலின் ஓரம் போல வெளுத்து மடங்கியிருந்தது. நான் பார்க்காத அழுகல் இல்லை. உப்புக் கம்மியாகப் போட்ட தோல் வெயிலில் வந்து இறங்கினால் கையாலேயே வாரிக் கொட்டுவேன். இது என் அக்கா. வெளியே சாக்கடையோரம் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தேன்.

"வலிக்கலையா?"

"சக்கரை கீதில்ல, பாதி நேரம் மரத்துப் பூடும்."

"மீதி நேரம்?"

"சபூர் பண்ணிக்குவேன்." கம்பளியை மறுபடி இழுத்துப் போர்த்திக்கொண்டு, "இன்னும் கொஞ்ச நாள்தானேடா. நடுவுல வாசல் தாண்டினா இத்தா முறிஞ்சிடும்ல" என்றாள்.

"யாரு சொன்னா?"

அவள் திரையைக் கண்ணால் காட்டினாள்.

மாடிக்குப் போனேன். பெரிய பாய் சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். பாதி வார்த்தை வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அவசரப்படாதே. டாக்டர வீட்டுக்கே கூப்ட்டுக்கலாம். பொம்பள டாக்டரா பாக்கறேன்."

"கால் அழுகிப்போச்சு பாய்."

"அல்லா நாடினது. இத்தன நாள் பொறுத்துக்கினவங்க இன்னும் ரெண்டு வாரம் பொறுத்துக்க மாட்டாங்களா? ஊர்ல எவ்ளோ நல்ல பேரு அந்தப் பொண்ணுக்கு. இத்தாவுல தெருவுல எறங்கினாங்கன்னு ஆவணுமா?"

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் ஜிப்பா பையிலிருந்து சின்ன அத்தர் பாட்டிலை எடுத்தார். என் கையைப் பிடித்து மணிக்கட்டில் இரண்டு தடவை தேய்த்தார். "நீ மொதல்ல இத போட்டுக்கோ. வீடெல்லாம் அடிக்குது" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அக்காவின் கால் சீழ் காயாமல் இருந்த அதே மணிக்கட்டு. இதை எழுதும்போதும் அந்தக் கையைக் கழுவ வேண்டும் போல இருக்கிறது.

எங்கள் பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத்திடம் நான் அதுவரை சலாம் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் பள்ளியை ஒட்டிய சின்ன அறையில் உட்கார்ந்து வேகவைத்த வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றுவதும் போடுவதுமாக வாசலில் நின்றேன். அவர்தான் கூப்பிட்டார்.

"இத்தாவுல இருக்கறவங்க ஆஸ்பத்திரிக்குப் போலாங்களா ஹஜ்ரத்?"

"உடம்பு சரியில்லையா?"

"கால் அழுகிப்போச்சுங்க."

கடலையை உரித்த கை நின்றது. "இதக் கேக்கவா இங்க வந்து நின்னுக்கினு இருக்கே? வண்டி புடிச்சி ஏத்தி அனுப்பிட்டு அப்புறமா வந்து கேக்கறதுதானேயா?"

"பெரிய பாய் கூடாதுன்னாருங்க."

"அவரு எப்போ மார்க்கச் சட்டம், மஸ்அலா எல்லாம் சொல்ல ஆரம்பிச்சாரு? மருந்துக்கு வெளிய போறதுக்கு எந்தத் தடையும் கெடையாது. வைத்தியம் பண்ணிக்கினு வலியத் தாங்கினா அது சபூர். கால அழுக வுட்டுக் குந்தியிருக்கறதுக்கு வேற பேரு."

என்ன பேர் என்று அவர் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னோடு நடந்தார். வீட்டுக்கு வந்து வாசலில் நின்று மாடியைப் பார்த்து, "பாய், உங்க காரக் கொஞ்சம் எடுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பெரிய பாய் எடுத்தார். ஹஜ்ரத் சொன்னதற்கு அவர் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் அக்காவை ஏற்றுவதற்கு முன் பின் சீட்டில் கடையிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் தாளை விரித்து, ஓரங்களைச் செருகினார். அது வழவழவென்று இருந்ததால் வேலூர் போய்ச் சேரும்வரை அக்கா வழுக்கி வழுக்கி என் மேல் சாய்ந்தாள். நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டார். நெடுஞ்சாலைக் காற்றில் அவருடைய அத்தரும் பின்னால் வந்து எங்கள் முகத்தில் அடித்தது.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி. பார்த்தது ஒரு பெண் டாக்டர், அக்காவைவிடச் சின்ன வயது. சாக்ஸைத் தண்ணீரில் நனைத்து வெட்டி எடுக்கவே வெகு நேரம் ஆனது. குழிக்குள் இடுக்கியை விட்டு எதையோ எடுத்து டிரேயில் போட்டார். டங் என்று சத்தம் வந்தது. சிவப்புக் கண்ணாடித் துண்டு, நகத்தின் அளவு.

அக்கா பார்த்ததும் சொல்லிவிட்டாள். மச்சானின் மையத்தை அடக்கத்துக்கு எடுத்த அன்று பெண்கள் அவள் கையைப் பிடித்து வாசல் நிலையில் மோதி வளையலை உடைத்தார்கள். அந்தத் துண்டு. காலில் என்னவோ ஏறியது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. புருஷன் போன அன்று காலில் ஏறியதை யாரிடம் சொல்வது என்று விட்டுவிட்டாள். பிறகு பெரிய பாய் திரைக்கு அப்பாலிருந்து முள்ளைப் பற்றிச் சொன்னதைக் கேட்டபோது, சொல்லாமல் இருந்ததே நல்லது என்று தோன்றிவிட்டது. வளையல் உடைப்பது எங்கள் மார்க்கத்தில் எங்கேயும் இல்லை. எந்தக் காலத்திலோ யாரிடமிருந்தோ பிடித்துக்கொண்டது. இல்லாததை விடாமல் செய்கிறவர்கள், இருக்கிற ஒரு சலுகையை அவளிடம் சொல்லவில்லை.

டாக்டர் எங்களைப் பார்த்துக் கேட்டார். "இவ்வளவு நாளா வீட்ல ஒருத்தருக்குக்கூடவா வாடை தெரியல?"

நான் தரையைப் பார்த்தேன். அக்காதான் சொன்னாள். "தெரிஞ்சுது டாக்டரம்மா. தம்பின்னு நெனச்சிக்கினாங்க."

டாக்டருக்குப் புரியவில்லை. 

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இன்னும் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார்கள். இத்தாவின் மிச்ச நாட்களை அக்கா வார்டில்தான் கழித்தாள்.

அங்கேயும் வந்தார்கள். ஆம்பூரிலிருந்து ரயிலேறி, ஆப்பிளும் பிரெட்டும் வாங்கிக்கொண்டு. கட்டிலைச் சுற்றி நின்று, போர்வை தட்டையாகிப்போன இடத்தைப் பார்த்துவிட்டு, "மாஷா அல்லா, இன்னா சபூர்" என்று ஆரம்பித்தார்கள். அந்த நேரம் நர்ஸ் கட்டு மாற்ற வந்தாள். ஒட்டியிருந்த துணியைப் பிரித்ததும் அக்கா கத்தினாள். "யா அல்லா, வலிக்குதே, என்னால முடியலையே." சின்ன வயதில் ஊசிக்குக் கத்திய அதே குரல். வார்டில் எல்லாரும் திரும்பினார்கள். 

வந்தவர்களில் பெரியவள் ஒருத்தி அவள் வாயைப் பொத்தப் போனாள். "கத்தாதேடி. இத்தன நாள் சம்பாரிச்ச கூலியெல்லாம் பூடும்."

அக்கா அந்தக் கையைத் தள்ளிவிட்டாள். "நான் அல்லாகிட்ட சொல்லிக்கினு இருக்கேன். நடுவுல நீ இன்னாத்துக்கு வர்றே? அந்த ஆப்பிள அங்க வெச்சிட்டுத் தள்ளி நில்லு."

நர்ஸ் மலையாளப் பெண். முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். வந்தவர்கள் அடுத்த ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்கள்.

ஊருக்கு வந்த பிறகு அக்கா எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். இத்தோடு விட்டிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன்.

இந்த வருஷம் ஒரு நாள் அசர் தொழுகை முடிந்ததும் பெரிய பாய் கொஞ்ச நேரம் பயான் என்கிற மார்க்கப் பேச்சு பேச உட்கார்ந்தார். ஹஜ்ரத் அன்று ஊரில் இல்லை. நான் என் கடைசி வரிசையில் இருந்தேன். பொறுமையைப் பற்றி ஆரம்பித்தவர், "வேற எங்கயும் போவ வேணாம், எங்க வீட்டுலயே ஒரு பொண்ணு" என்றார்.

"கால எடுத்தாங்க. ஒரு முனகல் இல்ல. மயக்க ஊசியே வேணாம்னுட்டாங்க. எனக்கு அல்லா போதும்னாங்க. டாக்டருங்க அழுதுட்டாங்க."

முன் வரிசையில் ஒருவர் விம்மினார். சுப்ஹானல்லாஹ் என்ற சத்தம் வரிசை வரிசையாகப் பின்னால் வந்தது. பெரிய பாய் கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றினார். அந்த அழுகிய காலை அவர் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. அதை எடுத்துச் சுத்தமாகக் கழுவி, அத்தர் பூசி, பள்ளிவாசலின் நடுவில் வைத்துவிட்டார். 

"கத்தினாங்க" என்றேன்.

நான் சொன்னதுதான். என் காதில் கேட்டது. எனக்கு முன்னால் இருந்தவர் திரும்பினார். "இன்னா வேணும்?"

"அக்கா கத்தினாங்க. நான் பக்கத்துல இருந்தேன்."

"பயான் நடக்கும்போது பேசக்கூடாது பாய்" என்று சொல்லிவிட்டு அவர் கொஞ்சம் முன்னால் தள்ளி உட்கார்ந்தார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அக்காவிடம் வந்து சொன்னேன். முதலில் சிரித்தாள். "மயக்க ஊசி வேணாம்னேனா நானு? ரெண்டா போடுன்னு கெஞ்சினேன்டா." அப்புறம் சிரிப்பு நின்றது. "இதக் கேட்டுட்டு எவளாவது புண்ண மூடிக்கினு குந்தியிருந்தான்னா? அவ காலுக்கு யாரு ஜவாப் சொல்றது? நீ எழுது. நான் கத்தினேன்னு எழுது. ஊசி கேட்டேன்னும் எழுது."

"எனக்கு எழுத வராது அக்கா."

"பேசவும் வராது, எழுதவும் வராது. பின்ன இன்னாதான்டா வரும் உனக்கு?"

அப்படியும் பல மாதம் தள்ளிப்போட்டேன். பள்ளிக்கூடப் பையன் போலக் கோடு போட்ட தாள் வாங்கி வைத்து, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று நான் ஷாப்பில் இருந்தபோது மனைவி போன் செய்தாள். "அண்ணி கத்திக்கினு இருக்காங்க, உடனே வாங்க" என்றாள். பின்னால் அக்காவின் குரல் எனக்கே நேராகக் கேட்டது. வேலைத் துணியோடு வந்தேன். மிச்சமிருக்கிற இடது காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "வலிக்குது, பாருடா, குதிகால்ல பாரு" என்றாள். செருப்பு கடித்த கொப்புளம், உளுந்து அளவு. அக்கம்பக்கத்துக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். இதற்கா இந்தச் சத்தம் என்று ஒருத்தர் முகத்தைச் சுளித்தார். சுளித்துக்கொள்ளட்டும். ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சுத்தம் செய்து கட்டுப் போட்டு, நல்ல வேளையாகச் சீக்கிரம் வந்தீர்கள், ஆறிவிடும் என்றார்.

திரும்பி வரும்போது ரோடு குண்டும் குழியும். ஒவ்வொரு குழிக்கும் அக்கா கத்தினாள். ஆட்டோக்காரருக்கு என் வயதுதான் இருக்கும், பொறுக்க முடியாமல் திரும்பிப் பார்த்தார்.

"கொஞ்சம் பொறுத்துக்கோங்கம்மா."

"பொறுத்துக்கினுதான்பா கத்தறேன்" என்றாள் அக்கா. "நீ வண்டிய ஓட்டு."

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை, 8 டிசம்பர் 2024.